விழுங்கிக் காட்டிய குளிசை

— இல்லை ஐயா, காட்டிலையும் குளக்கட்டிலையும் சுத்தினதைப் பழையபடி சொல்லவேண்டாம். ஒரு நாளைக்கு எத்தினை குளிசை விழுங்கினனீங்கள்? அது மட்டும் எனக்குக் காணும்.

— டொக்குத்தர் பிள்ளை, உரும்பிராயிலையிருந்து ரண்டு பஸ் மாறிக் கீரிமலைக்கு வந்தது இதைக் கேக்கவோ? ஆஸ்பத்திரியிலை பதினேழு நாள் கிடந்தனான். பதினேழு நாளும் கேட்டனீங்கள். மூண்டு எண்டு சொன்னனான். இண்டைக்கும் மூண்டுதான்.

— மலேரியாக் குளிசை மூண்டு. ஒவ்வொரு நாளும்.

— ஞாயிற்றுக்கிழமை லீவு. கேட்டியளே, அரசாங்க உத்தியோகம்.

— அப்பா, பகிடியை விடுங்கோ. டொக்டர் நாளைக்கு இரவு மெயில் ரெயினிலை கொழும்புக்குப் போகவேணுமாம். படலையடியிலை வைச்சே சொன்னவ. டொக்டர், அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும். இதிலை இருங்கோ. தேத்தண்ணிக்குச் சீனியோ, பனங்கட்டியோ?

— பனங்கட்டி காணும், குணலட்சுமி. நீங்களும் இதிலை இருந்தால் நல்லது. அப்பா மறந்ததை மகள் சொல்லலாம்.

— உவளோ? உவள் நான் மறக்க நினைக்கிறதையும் சொல்லுவள். நேற்று ஒரு துண்டு கருவாடு வாயிலை வைச்சனான். பின்னேரத்துக்குள்ளை கேணியடி முழுக்கத் தெரிஞ்சிட்டுது.

— உப்புக் கூடாதெண்டு டொக்டர்தானே சொன்னவ. கால் பழையபடி வீங்கிக் கிடக்கு, டொக்டர், பாருங்கோ. மூண்டு தலையணை அடுக்கினால்தான் அப்பாவுக்கு நித்திரை வரும்.

— ஓம், அமத்தினால் குழி விழுகுது. தண்ணி போற குளிசையைக் கொஞ்சம் கூட்டவேணும். ஐயா, உங்கடை இருதயம் பெருத்துப்போச்சு. ரத்தத்தைத் தள்ளுறதுக்கு அதுக்குச் சத்துக் காணாது. அதாலைதான் இளைப்பு, அதாலைதான் வீக்கம். ஏன் அப்பிடி வந்தது எண்டதுதான் கேள்வி.

— குளிசையாலை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

— சொன்னனான். சனிக்கிழமை கொழும்பிலை ஒரு மண்டபம் நிறைஞ்ச டொக்டர்மாருக்கு முன்னாலை அதைத்தான் வாசிக்கப்போறன். மலேரியாவுக்குக் குடுக்கிற இந்தப் பழைய குளிசையைக் கனகாலம் எடுத்தால் இருதயத் தசை கெடுமோ எண்டு ஏழு மாதமா இருந்து எழுதின கட்டுரை. வெளிநாட்டிலை ஒரு சிலரைப் பற்றி எழுதியிருக்கினம். எனக்குத் தெரிய இஞ்சை ஒருத்தரும் எழுதேல்லை. என்ரை கட்டுரையிலை இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான், ஐயா.

— கேட்டியோ, குணம்? ஒரே ஆள்.

— கேட்டன், அப்பா. டொக்டர், போன கிழமை அப்பா மலேரியா வேலை செய்த வட்டக்கச்சியிலையிருந்து எட்டுப் பேர் பஸ் பிடிச்சு வந்து அப்பாவைப் பாத்திட்டுப் போனவை. எங்களுக்காண்டி விழுங்கி விழுங்கி மார்க்கண்டர் தன்ரை இருதயத்தைக் குடுத்திட்டார் எண்டு ஒரு மனிசி இந்தக் கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. பிள்ளையார் கோயிலிலை அப்பாவின்ரை பேரிலை அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்தவை.

— அதை ஏன் இப்ப கதைக்கிறாய்.

— ஏன் கதைக்கக்கூடாது? சட்டை தைக்க வாற ஆக்களுக்கெல்லாம் நான் சொல்லிப்போட்டன், அப்பாவின்ரை கதை புத்தகத்திலை வரப்போகுதெண்டு.

— ஐயா, இந்த விழுங்கிக் காட்டுற வேலை என்னெண்டு துவங்கினது? ஆர் உங்களை அப்பிடிச் செய்யச் சொன்னது? கட்டுரையிலை அதுக்கு ஒரு வரி வேணும்.

— ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை. எங்கடை ஆக்கள் கடலுக்குப் போற ஆக்கள். எனக்குக் கடல் சரிவரேல்லை, அறுபத்திரண்டிலை மலேரியா வேலையிலை சேந்திட்டன். அப்ப காய்ச்சல் இல்லை, நாடு முழுக்க அழிஞ்சிட்டுதெண்டு சொல்லிக்கொண்டிருந்தவை. நாங்கள் சும்மா சைக்கிளிலை திரிஞ்சம். அறுபத்தெட்டிலை திரும்பி வந்துது பாருங்கோ. வட்டக்கச்சியிலை ஒரு வீடு தவறாமல் குலைப்பன் காய்ச்சல். ஒரு வீட்டிலை அஞ்சு பேரும் ஒரே பாயிலை கிடந்து நடுங்கிச்சினம், தண்ணி வார்க்க ஆளில்லை. பேணி பேணியாக் குளிசையைத் தந்து குடு எண்டு எங்களை விட்டவை. ஆனால் சனம் வாங்காது.

— ஏன்?

— கைப்பு ஒண்டு. மற்றது, உது காய்ச்சல் குளிசை இல்லை, பிள்ளை பிறக்காமல் பண்ணுற குளிசை எண்டு ஆரோ கதை கட்டிவிட்டிட்டான். ஒரு நாள் ஒரு வீட்டு முத்தத்திலை முப்பது பேர் நிக்கினம். ஒரு கிழவன் கேட்டான், உவ்வளவு நல்ல குளிசையெண்டால் நீ முதலிலை விழுங்கு பாப்பம் எண்டு. நான் பேணியைத் திறந்து ஒண்டை எடுத்து வாயிலை போட்டுத் தண்ணியைக் குடிச்சன். அந்தக் கிழவன் கையை நீட்டினான். அவனுக்குப் பின்னாலை முப்பது பேரும் நீட்டிச்சினம்.

— அதோடை அது வழக்கமாப் போட்டுது.

— ஓம். அடுத்த ஒழுங்கை வீடுகளிலையும் கேட்டவை. காலமை ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால். எங்கடை மேலதிகாரி இராசநாயகம் அதைப் பாத்திட்டு, மார்க்கண்டு, உன்ரை பக்கத்திலைதான் சனம் எடுக்குது, அப்பிடியே செய், நீ விழுங்கினதையும் இடாப்பிலை எழுது எண்டு சொன்னவர். நானும் எழுதினன். எழுபத்தேழு வரைக்கும் ஒம்பது வருசம். அந்த இடாப்பைத்தானே நீங்கள் கிளிநொச்சியிலை போய்ப் பாத்தனீங்கள்.

— பாத்தனான். ஒரு நாளும் தவறேல்லை. அதுதான் என்னைக் குழப்புது.

— இதிலை என்ன குழப்பம், டொக்டர்? அப்பா சொன்னதும் இடாப்பும் ஒண்டுதானே.

— ரண்டும் ஒண்டு, குணலட்சுமி. அப்பாவின்ரை உடம்புதான் வேறை சொல்லுது. கண் டொக்டரிட்டை அனுப்பினதெல்லே, நேற்றுத்தான் அவர் எழுதித் தந்தவர். இந்தக் குளிசையை இவ்வளவு காலம் இவ்வளவு எடுத்த ஒருத்தரின்ரை கண்ணின்ரை அடியிலை, விட்டு எத்தினை வருசம் போனாலும் மாறாத தழும்பு கிடக்கவேணும். அப்பாவின்ரை கண் பளிங்கு மாதிரிக் கிடக்காம். ஒரு புள்ளி இல்லை.

— நல்லதுதானே அது.

— அவருக்கு நல்லது. எனக்கில்லை. எங்கடை பெரிய டொக்டர் அந்தக் கடிதத்தை வாசிச்சுப்போட்டு என்ரை கட்டுரையைத் திருப்பித் தந்தவர். பத்மாசினி, ஒண்டில் உன்ரை நோயாளிக்குத் தெய்வக் கண், இல்லையெண்டால் அவர் குளிசை விழுங்கேல்லை, எதெண்டு பாத்துக்கொண்டு கொழும்புக்குப் போ எண்டு சொல்லிப்போட்டார்.

— பெரிய டொக்டருக்கு என்ன தெரியும்? அவர் வட்டக்கச்சிக்கு வந்தவரோ? எட்டுப் பேர் இந்த வீட்டுக்கு வந்து சாட்சி சொல்லிப்போட்டுப் போயிருக்கினம்.

— குணம், சத்தம் போடாதை. அவ தன்ரை வேலையைச் செய்யிறா.

— கோவிக்காதையுங்கோ, குணலட்சுமி. நான் உங்கடை அப்பாவைச் சோதிக்க வரேல்லை. எனக்குப் பயம். எங்கடை கிளினிக்குக்குப் பதினொரு பொம்பிளையள் மூட்டு வாதத்தோடை வருகினம். அவைக்கு ஒவ்வொரு நாளும் குடுக்கிறது இதே குளிசை. அதை எடுத்தாப்பிறகுதான் ஒருத்திக்கு விரல் மடங்குது, ஒருத்தி தானே தன்ரை தலையை இழுத்துப் பின்னுறா. குளிசை இருதயத்தைக் கெடுக்கும் எண்டு நான் சனிக்கிழமை வாயைத் திறந்தால் பதினொரு பேருக்கும் நிப்பாட்டுவினம். என்ரை சொல் பிழையெண்டால் அவை சும்மா முடங்கிப்போவினம். சரியா இருந்து நான் வாயை மூடினால் அதை விட மோசம்.

— பதினொரு பேர்.

— பதினொரு பேர், ஐயா. அதுதான் ரண்டு பஸ் மாறி வந்தனான். இப்ப நான் கேக்கிறதுக்கெல்லாம் ஓம், இல்லை மட்டும் சொல்லுங்கோ. குளிசை எடுத்த காலத்திலை விளக்கைப் பாத்தால் அதைச் சுத்தி வளையம் தெரிஞ்சதோ?

— வளையமோ?

— ஓம். லாம்புச் சுடரைச் சுத்தி வானவில் மாதிரி ஒரு வட்டம்.

— இல்லை. எனக்கில்லை.

— அது அம்மாவுக்கெல்லே அப்பா தெரிஞ்சது? கோயில் தூண்டாமணி விளக்கைப் பாத்திட்டு, பிள்ளையாருக்கு வட்டமா வானவில் போட்டிருக்கினம் எண்டு சொல்லி நாங்கள் சிரிச்சனாங்கள்.

— குணம், தேத்தண்ணி ஆறுது. டொக்குத்தர் பிள்ளைக்குக் குடு.

— தந்திட்டா, ஐயா, கையிலை கிடக்கு. முன் மயிர் செம்பட்டையாப் போனதோ?

— இல்லை. வேறை என்ன வரும், பிள்ளை? எல்லாத்தையும் சொல்லுங்கோ.

— தோல் கறுக்கும். பேந்து கால் வீங்கும், இளைக்கும், அது உங்களுக்கும் கிடக்கு. சில பேருக்கு இருதயம் அடிக்கிறது குறைஞ்சு குறைஞ்சு, திடீரெண்டு தலை சுத்தி விழுவினம்.

— கிணத்தடியிலை.

— எங்கையெண்டாலும். ஏன் கிணத்தடி எண்டு கேக்கிறியள்?

— சும்மா. குந்தியிருந்தால் எழும்பேலாமல் வருமோ? கை குடுத்துத் தூக்கவேண்டி?

— நான் அதைச் சொல்லேல்லையே. ஓம், வரும். தொடைத் தசையும் பலவீனப்படும். உங்களுக்கு அப்பிடி இருந்ததோ?

— எனக்கில்லை.

— பின்னை என்னெண்டு உங்களுக்குத் தெரியும்? குணலட்சுமி, நீங்களேன் எழும்பிப் போறியள்?

— போகேல்லை, டொக்டர். யன்னலடியிலைதான் நிக்கிறன். இஞ்சை கொஞ்சம் காத்து வருகுது.

— குணம், நீயும் இதைக் கேக்கத்தான் வேணும். உள்ளுக்குப் போகாதை. டொக்குத்தர் பிள்ளை, அந்தக் கட்டுரையிலை என்ரை பேரை வெட்டிப்போடுங்கோ.

— ஏன், ஐயா?

— நான் விழுங்கேல்லை.

— மூண்டும் விழுங்கேல்லையோ? ரண்டோ? ஒண்டோ?

— ஒண்டும் இல்லை. முதல் மாதம் விழுங்கினன், அது உண்மை. மேலெல்லாம் சொறியச் சொறியக் கடி, காதுக்குள்ளை ஓயாத இரைச்சல், சோத்தைக் கண்டால் சத்தி. இனி ஏலாதெண்டு போச்சு. ஆனால் ஒழுங்கைக்குப் போனால் சனம் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. நான் விழுங்காட்டில் அவையும் விழுங்காயினம், பிள்ளையள் நடுங்கிச் சாகும். நான் இளந்தாரியாக் கடற்கரை வாடியிலை முந்நூற்றிநாலு எண்ட சீட்டு விளையாடினவன். துரும்புச் சீட்டை உள்ளங்கையிலை ஒளிச்சால் ஒருத்தன் கண்டுபிடிக்கமாட்டான். குளிசை எந்த மூலைக்கு? கையை வாய்க்குக் கொண்டுபோவன், தலையை நிமித்தித் தண்ணியைக் குடிப்பன், தொண்டைமுடிச்சு ஏறி இறங்கிறது எல்லாருக்கும் தெரியும். சால்வையாலை வாயைத் துடைக்கிற சாட்டிலை குளிசை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை போயிடும்.

— ஒம்பது வருசமும் அப்பிடியோ?

— முதல் மாதத்தைத் தவிர ஒம்பது வருசமும். அதுக்காண்டி நான் வெக்கப்படேல்லை, கேட்டியளே. சனம் விழுங்கிச்சுது, காய்ச்சல் நிண்டுது. எட்டுப் பேர் வந்து கட்டிலைப் பிடிச்சு அழேக்கைதான் முதல் முதலா வெக்கமா இருந்தது. அப்பவும் வாயைத் திறக்கேல்லை. அந்த அர்ச்சனை எனக்குப் பிடிச்சுக்கொண்டுது. சாகிற காலத்திலை ஒருத்தன் நல்ல பேரோடை சாகவேணும் எண்டு நினைக்கிறதிலை பிழை இல்லையெண்டு என்னை நானே சமாளிச்சன்.

— ஏழு மாதம், ஐயா.

— தெரியும், பிள்ளை.

— கிளிநொச்சிக்கு நாலு தரம் போய் இடாப்பிலை ஒவ்வொரு நாளாப் பாத்து எழுதினனான். கொழும்பிலை என்ரை பேரை அச்சடிச்சும் போட்டினம்.

— தெரியும். நீங்கள் எனக்குப் பேசுங்கோ. பேசினால் எனக்குச் சுகமா இருக்கும்.

— பேசேல்லை. கண் டொக்டரின்ரை கடிதத்தைக் கண்ட உடனை எனக்கு அரைவாசி தெரியும். அதை நம்பாமல் இருக்கத்தான் பஸ் ஏறி வந்தனான் போலை. அப்ப உங்கடை இருதயத்துக்கும் குளிசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உங்களுக்கு இருபது வருசமா உயர் ரத்த அழுத்தம், ஒருத்தரும் பாக்கேல்லை. அதோடை சுருட்டு. நூறு பேருக்கு வாற சாதாரண வருத்தம்.

— நல்லது. நானும் சாதாரண ஆள்தான்.

— அப்பா, ஒண்டு கேக்கட்டோ?

— கேள், குணம்.

— சனத்துக்கு முன்னாலை விழுங்கேல்லை. சரி. வீட்டிலை? இரவு சோத்துக்குப் பிறகு எங்களுக்கு முன்னாலை ஒண்டு விழுங்கிறனீங்களே. அம்மா செம்பிலை தண்ணி கொண்டுவந்து தருவா. நான் எத்தினை நாள் பாத்தனான்.

— அதுவும் இல்லை, பிள்ளை. அதையும் கையுக்குள்ளை வைச்சு, கை கழுவப் போற சாட்டிலை வாழையடியிலை எறிஞ்சுபோடுவன்.

— அம்மாவுக்கு முன்னாலையும் நடிச்சனீங்கள்.

— ஓம். நடிச்சன்.

— எனக்கு விளங்கேல்லை. வீட்டிலை ஏன், ஐயா, விழுங்கிக் காட்டவேணும்? வீட்டிலை ஆர் உங்களை விழுங்கச் சொன்னது?

— சொல்லுறன். இனி ஒளிச்சு என்ன? எனக்கு மூச்சு வாங்குது, ஆறுதலாச் சொல்லுறன். துவக்கத்திலை மூண்டு குளிசையையும் கொண்டுபோய்க் குளத்துக்குள்ளை எறியிறனான். ஒரு நாள் எறிய மறந்துபோச்சு. நல்லம்மா, என்ரை மனிசி, சேட்டுத் தோய்க்கேக்கை பொக்கற்றிலை மூண்டையும் கண்டிட்டாள். இதென்ன எண்டு கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ரை மனிசன் ஊருக்காக விழுங்கிறார் எண்டு அவள் கிளிநொச்சிச் சந்தை முழுக்கப் பெருமை பேசித் திரிஞ்சவள். அவளின்ரை முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. வெறுவயித்திலை விழுங்கினால் சத்தி வருகுது, அதாலை அங்கை சும்மா காட்டிப்போட்டு வீட்டை கொண்டுவந்து சோத்துக்குப் பிறகு விழுங்கிறனான் எண்டு ஒரு பொய்யைச் சொன்னன். இடாப்பிலை விழுங்கினதா எழுதியாச்சு, விழுங்காட்டில் அரசாங்கத்துக்குத் துரோகம் எண்டும் சொன்னன்.

— நம்பினவவோ?

— நம்பினாள். ரண்டு கிழமை கழிச்சு ஒரு நாள் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள். முழங்கால் ரண்டும் நோகுதாம், குந்தேலாதாம். மருந்து குடுக்கிற அப்போதிக்கரி செபநாயகம் ஒருக்கால் வீட்டை வந்தநேரம், உந்த மலேரியாக் குளிசை மூட்டு நோவுக்கும் நல்லது எண்டு கதையோடை கதையாச் சொன்னவர். அதைச் சொல்லி, உங்கடை மூண்டிலை ரண்டை எனக்குத் தாங்கோவன் எண்டு கேட்டாள். எனக்குச் சந்தோசம். எறியத் தேவையில்லை. ரண்டை அவளுக்குக் குடுத்தன். எல்லாத்தையும் குடுத்தால் சந்தேகப்படுவாள் எண்டு ஒண்டை மட்டும் நான் விழுங்கிற மாதிரி.

— எவ்வளவு காலம் அவ எடுத்தவ?

— அவள் சாகும் மட்டும். எட்டரை வருசம்.

— ஒவ்வொரு நாளும் ரண்டு?

— ஞாயிற்றுக்கிழமை தவிர. ஒரு மாதத்துக்குள்ளை முழங்கால் சுகமெண்டு சொன்னாள், பிள்ளை. கையைப் பிடிச்சுக் கும்பிட்டவள். பூநகரி அம்மாளாச்சி கோயிலுக்கு நடந்து போட்டு வந்து, பாருங்கோ உங்கடை குளிசையின்ரை வேலையை எண்டு காலை நீட்டிக் காட்டினாள். என்ரை பொய்யிலையும் ஒரு நன்மை விளைஞ்சிருக்கு எண்டு நான் நினைச்சன். இந்த ஒரு நினைப்பை வைச்சுக்கொண்டுதான் அவள் போனாப்பிறகு நான் இருந்தனான்.

— பேந்து?

— எழுபத்தைஞ்சிலை விளக்கைச் சுத்தி வளையம். சிரிச்சம். முன் மயிர் செம்பட்டையாப் போச்சு, வெய்யில் எண்டம். அடுத்த வருசம் அடுப்படியிலை குந்தினால் எழும்பேலாது, இவள் குணம்தான் கை குடுத்துத் தூக்குவாள். கால் வீங்கிச்சுது. இளைச்சாள். மூச்சு முட்டுற வருத்தம் எண்டு நினைச்சு மல்லி மிளகுச் சரக்குக் காய்ச்சிக் குடுத்தன். அதோடை அந்த ரண்டு குளிசையையும் நானே கையிலை குடுத்தன், தண்ணியோடை. எழுபத்தேழு மாசியிலை கிணத்தடியிலை விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பகல் இருந்தாள், அவ்வளவுதான். நெஞ்சுப்படம் எடுத்தவை. இருதயம் நெஞ்சு முட்டப் பெருத்துப்போய்க் கிடக்கெண்டு ஒரு துண்டு எழுதித் தந்தவை. அது அந்த அலுமாரியிலை கிடக்கு.

— அந்தத் துண்டை நான் பாக்கலாமோ?

— பாருங்கோ. கொண்டுபோங்கோ. பிள்ளை, நீங்கள் ஒரு டொக்குத்தர். எனக்கு ஆறுதல் சொல்லவேண்டாம். குளிசைதானோ?

— ஒரு ஆளை வைச்சு முடிவு சொல்லேலாது, ஐயா. அவவின்ரை இருதயத் தசையை ஒருத்தரும் வெட்டிப் பாக்கேல்லை. ஆனால் கண், மயிர், தொடை, இருதயம், நாலும் ஒரு ஆளிலை. வேறை ஒரு வருத்தமும் எனக்கு நினைவிலை வரேல்லை. நீங்கள் கேட்டபடியாச் சொல்லுறன். குளிசையா இருக்கத்தான் கூடின நியாயம்.

— சரி. நேராச் சொன்னது பெரிய உதவி. இப்ப அந்தக் கடதாசியை எடுங்கோ. மார்க்கண்டு எண்டதை வெட்டிப்போட்டு நல்லம்மா எண்டு போடுங்கோ. வயசு ஐம்பத்தொண்டு. குளிசை குடுத்தது புருசன் எண்டும் எழுதுங்கோ.

— பேர் எழுதிறதில்லை, ஐயா. ஐம்பத்தொரு வயசுப் பெண் எண்டு மட்டும்தான் வரும். நான் திரும்ப எல்லாத்தையும் முதலிலையிருந்து எழுதவேணும். இண்டைக்கு நித்திரை இல்லை. வாசிக்க விடுவினமோ தெரியாது. ஆனால் அந்தப் பதினொரு பேரின்ரை கண்ணையும் இருதயத்தையும் திங்கட்கிழமையே பாக்கவைப்பன். அது நிச்சயம்.

— வளையம் தெரியுதோ எண்டு கேளுங்கோ. அவையள் சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம், விட்டிடாதையுங்கோ.

— கேப்பன். குணலட்சுமி, உங்களுக்கு இது பெரிய அடி எண்டு எனக்குத் தெரியும். யன்னலடியை விட்டு இஞ்சாலை வந்து இருங்கோ.

— எனக்கு இதிலை நிக்கக் காணும். நீங்கள் எழுதிறதை எழுதி முடியுங்கோ, டொக்டர். கடைசி பஸ் அஞ்சே காலுக்கு.

— இன்னும் ஒண்டுதான் கிடக்கு. என்னத்துக்காக எடுத்தவ எண்டு ஒரு இடம் விட்டுக் கிடக்கு. மலேரியா இல்லை. முழங்கால் வாதம் எண்டு போடட்டோ, ஐயா?

— ஓம். முழங்கால் நோ எண்டு போடுங்கோ.

— போடாதையுங்கோ, டொக்டர். அம்மாவுக்கு ஒரு நாளும் முழங்கால் நொந்ததில்லை, அப்பா. ரண்டைத் தான் விழுங்கினால் நீங்கள் ஒண்டோடை தப்பிவிடுவியள் எண்டு என்னட்டை மட்டும் சொல்லிப்போட்டு எடுத்தவ.